நேராக ஓடும் வண்டி

ரோபோ வண்டி கிட் ஒன்றைப் பிரித்ததும் கைக்கு வருவது பழுப்புக் காகிதம் ஒட்டிய அக்ரிலிக் பலகை. அந்தக் காகிதத்தோடேயே ஸ்க்ரூ முடுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படாமல் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தெடுக்க வேண்டும். உள்ளிருக்கும் தெளிந்த பலகை வழியாக மோட்டார், ஒயர், நட் எல்லாம் மேலிருந்தே தெரியும். எதையும் மூடிமறைக்காத இந்தக் குணத்துக்காகவே எனக்கு இவ்வண்டிகள் மேல் தனிப் பிரியம். ஸ்க்ரூவை மட்டும் அழுத்தி முடுக்கக் கூடாது. அக்ரிலிக் விரிசல் விட்டுவிடும்.

நான்கு மோட்டார் வைத்த வண்டி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். திரும்பும்போதோ டயர்கள் தரையில் தேய்ந்து இழுபடும். சென்னை ரிச்சி தெருவில் கிட் கேட்டுப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு மஞ்சள் கியர் மோட்டாரும் ஒரு காஸ்டர் சக்கரமும் உள்ளதை வாங்குங்கள் என்றுதான். இதில் ஸ்டீயரிங் கிடையாது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கம் ஒடிவதுபோல, இரு சக்கரங்களின் வேக வித்தியாசமே திருப்பம்.

அதனால்தான் இந்த வண்டியை நேராக ஓட்டுவது கடினம். கலையே அதில்தான் இருக்கிறது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. பிளாஸ்டிக் கியரின் உராய்வு, பிரஷ் படியும் விதம் என்று ஏதோ ஒன்று மாறும். புறப்படும்போது காஸ்டர் பக்கவாட்டில் நின்றிருந்தால், அதுவும் ஓர் உதை கொடுத்து வண்டியைச் சாய்த்துவிடும்.

வேகத்தைத் திருத்த, ஆர்டுயினோ ஊனோ போர்டிலிருந்து 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். போர்டு கரண்டை விட்டு விட்டு அனுப்புகிறது. எண் சிறியதானால் சக்கரம் அசையாது, மோட்டார் மட்டும் முனகும். காதை அருகில் கொண்டுபோய்க் கேளுங்கள். 9ஆம் பின்னில் அந்தத் துடிப்பு வினாடிக்குச் சுமார் 490. ஒயரைப் பிடுங்கி 5ஆம் பின்னில் செருகி, புரோகிராமிலும் எண்ணை மாற்றினால் சுமார் 980. அதே முனகல் அப்படியே மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடும்! மின்சாரத்தைக் காதால் அறியும் இந்தச் சுகத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தந்ததில்லை.

மோட்டாருக்குக் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் எல்298என் போர்டு பழைய சரக்கு. போகிற வழியில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். புதிய டிரைவர்கள் இவ்வளவு வீணாக்குவதில்லை. ஆனாலும் முதல் வண்டிக்கு இதுவே இருக்கட்டும் என்பேன். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அதன் கறுப்பு ஹீட் சிங்க்கில் விரலை மெல்ல வைத்துப் பார்த்தால், காணாமல்போன வோல்ட் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த எல்மர், எல்சி என்ற ஆமை ரோபோக்களுக்கும் மூன்றே சக்கரங்கள். இரண்டு மோட்டார், இரண்டு வால்வு, ஓர் ஒளி உணரி, ஒரு தொடு உணரி. அவ்வளவை வைத்துக்கொண்டு அவை வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்தன. மூளையை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். நம் வீட்டுத் தரையில் ஓடுவது அந்த வம்சம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பல கிட்களில் 20 துளையுள்ள சிறு கறுப்பு வட்டு ஒன்று வரும். எதற்கென்று தெரியாமல் அதை ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு. சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 204 மில்லிமீட்டர் நகரும். ஆக, ஒரு துளை கடந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். துளைகளை எண்ணும் உணரியை இருபுறமும் மாட்டி, பின்தங்கும் பக்கத்துக்கு எண்ணைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு பக்கமும் 98ஐ ஒட்டி வந்துவிட்டால், அடுத்துச் சதுரம் போடச் சொல்லலாம். நாலு மூலையும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க, தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.