ஆடுகிறவள் எங்கே?

பூலாம்பாடி, வேப்பந்தட்டைப் பக்கமெல்லாம் கோயில் திருவிழான்னா ராத்திரிக்கு ஆடல் பாடல் வேணும். ரெக்கார்டு டான்ஸ் என்றது பழைய பெயர். தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடப்பது இதுதான்: போலீஸ் அனுமதி தராது, விழாக்குழு உயர்நீதிமன்றம் போகும், நிபந்தனைகளோடு உத்தரவு வரும். அந்த நிபந்தனைகளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, கட்சி பற்றிய பாட்டு கூடாது, குடித்திருக்கக் கூடாது, மீறினால் விழாக்குழு பொறுப்பு. மனுதாரர் விழாக்குழு, எதிர்மனுதாரர் காவல்துறை. ஆடுகிறவள் எங்கே? ஆபாசம் என்கிற சொல்லுக்குள் மட்டும் இருக்கிறாள். ராத்திரிக்கு எவ்வளவு கூலி, அதை யார் கையில் கொடுக்கிறார்கள், உடை மாற்ற மறைவிடம் உண்டா, மேடையேறி எவனாவது கையைப் பிடித்தால் யாரிடம் சொல்வது? இந்தச் சொல்லாடலுக்குள் நுழையவே முடியாத கேள்விகள் இவை.

இதன் பெரிய வடிவத்தை மும்பை பார்த்தது. 2005இல் மகாராஷ்டிர அரசு பார்களில் நடனத்தைத் தடை செய்தது. வேலை இழந்த பெண்கள் சுமார் 75,000 பேர் என்று அப்போது பேசப்பட்டது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு! அதே ஆட்டம் அங்கே கலை, பீர் பாரில் ஆபாசம். பெண்ணின் கண்ணியத்தைக் காக்க வந்த சட்டம், பார்க்கிறவனின் பர்ஸைத்தான் அளந்தது. 2006இல் மும்பை உயர்நீதிமன்றமும் 2013இல் உச்சநீதிமன்றமும் அதை ரத்து செய்தன. வேலை போன பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை உச்சநீதிமன்றமே குறிப்பிட்டது. எட்டு வருஷம் கழித்து.

நம்ம முற்போக்காளர்களும் 'பண்டமாக்கல்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தவறான சொல் இல்லை. ஆனால் பண்டத்துக்குக் கூலி பாக்கி வைக்க முடியாது. உழைப்பாளிக்குத்தான் வைக்க முடியும். தடைக்கு எதிராக மும்பையில் பார் பெண்கள் சங்கமாகத் திரண்டபோது பேசியது பிழைப்பைப் பற்றித்தான்.

2016இல் வந்த புதுச் சட்டத்தையும் விதிகளையும் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பரிசீலித்தது. எழுத்து ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் ஊதியமும் நின்றன. மாதச் சம்பளக் கட்டாயம் போயிற்று. டிப்ஸ் கொடுக்கலாம், பணத்தை வாரி இறைக்கக் கூடாது. பல இடங்களில் ஆட விரும்புகிறவளை மாதச் சம்பளம் கட்டிப்போடும் என்பது சரிதான். ஆட்டம் இல்லாத நாளுக்கு என்ன வழி என்பது அப்படியே இருக்கிறது. குறைகள் இருக்கட்டும், அங்கே கூலி என்ற சொல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. நம்மூர் ஆடல் பாடல் மேடைக்கு அதுகூட வரவில்லை.

வரவே முடியாததும் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) வேலை நிமித்தம் போகிற இடத்தையும், வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்கிறது. அப்படியானால் மேடையும் பணியிடம், குழுவை ஏற்றிவரும் வேனும் பணியிடம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களின் புகாரை மாவட்ட அளவிலான குழு வாங்க வேண்டும். அந்தக் குழு எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் போன் நம்பர் என்ன என்று மேடைக்குப் பக்கத்தில் எழுதிவைக்கும்படி எந்த விழாக்குழுவிடமாவது நாம் கேட்டிருக்கிறோமா?