'பஞ்சும் பசியும்' புதினமும் கைத்தொழிற் பயிற்சிக் கொள்கையும்

தொ. மு. சி. ரகுநாதன் இயற்றிய 'பஞ்சும் பசியும்' என்னும் புதினம் 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் வாழும் கைத்தறி நெசவாளரின் அல்லல்களே அதன் பொருள். அதே ஆண்டில் சென்னை மாநில அரசு நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் 'மாற்றியமைக்கப்பெற்ற தொடக்கக் கல்வித் திட்டம்' ஒன்றைப் புகுத்தியது. எதிர்ப்பாளர் அதற்கு இட்ட 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயரே பின்னர் நிலைத்தது. நூலும் திட்டமும் ஓராண்டில் தோன்றியமை தற்செயலாகவே அமைந்ததாயினும், இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இரண்டனுள் ஒவ்வொன்றும் மற்றொன்றன் குறையைக் காட்டி நிற்றல் புலப்படும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நூலைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் அதன் இலக்கியக் கொள்கை குறித்தே வாதிட்டனர். சோசலிச யதார்த்தவாதத்தின் முன்னோடி நூல் எனப் போற்றினாரும் உளர். கருத்து கதையை விஞ்சிவிட்டது எனக் குறை கூறினாரும் உளர். அவ்வழக்கினுள் யாம் ஈண்டுப் புகவில்லை. வேலைவாய்ப்பையும் தொழிற்பயிற்சியையும் பற்றிய அரசின் கொள்கையை அளந்தறிதற்கு இந்நூல் எத்துணைப் பயன்படும் என்பதே யாம் எழுப்பும் வினா.

நூல் காட்டும் வறுமை

கைத்தறி நெசவு எளிதிற் கைவரும் தொழில் அன்று. நூலைச் சுற்றுதல், பாவு ஓட்டுதல், கஞ்சி தோய்த்தல், அறுந்த இழையைப் பிணைத்தல், தார் சுற்றுதல் எனப் பல படிகளைக் கடந்த பின்னரே நெசவாளன் தறிக்குழியில் கால் வைக்கின்றான். இவற்றுட் பல, பெண்டிரும் சிறுவரும் வீட்டிலிருந்து கூலியின்றிச் செய்வன. கண்ணும் கையும் காலும் ஒருங்கே இயங்கினாலன்றி ஒரு முழத் துணியும் விளையாது.

இத்துணைத் திறம் படைத்தோரே இப்புதினத்தில் பசித்திருக்கின்றனர். அவர்கள் பசித்ததற்குத் தொழில் அறியாமை காரணம் அன்று. சோம்பலும் காரணம் அன்று. ஆலையிலிருந்து வரும் நூல் கிடைப்பது அரிதாகின்றது. கிடைத்தாலும் அதன் விலை எட்டாததாகின்றது. நெய்த துணியோ விலை போகாது தேங்குகின்றது. நெசவாளரைச் சார்ந்து வாழும் சிறு வணிகரும் பெருவணிகர் கையிற் சிக்கி நொடிந்து போகின்றனர். நூலின் விலையை உறுதி செய்வாரும் துணியின் விலையை உறுதி செய்வாரும் நெசவாளர் அல்லர் என்பதை ஆசிரியர் திரும்பத் திரும்ப உணர்த்துகின்றார்.

இது புனைந்துரை அன்று. 1952-ஆம் ஆண்டளவில் சென்னை மாநிலத்தின் கைத்தறித் தொழில் கடும் முடக்கத்துக்கு ஆளாயிற்று. அப்பொழுது முதலமைச்சராக இருந்த இராசாசி அவர்கள், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பெறல் வேண்டும் என மைய அரசோடு வாதிட்டார். 1953-இல் ஆலைத் துணியின்மீது மிகைத் தீர்வை விதித்து, அவ்வருவாயைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வழி வகுக்கும் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நெசவாளர் துயர்க்கு வேர் சந்தையிலே உள்ளது என்பதை இராசாசியும் அறிந்திருந்தார் என்பது இதனால் தெளிவாம். நூலாசிரியர் பொதுவுடைமைச் சார்பினர். முதலமைச்சரோ அதனைக் கடிந்தவர். இருவரும் நோய்க்கு மூலம் இதுவென்பதில் ஓரளவு ஒன்றுபடுதல் வியத்தற்குரியது.

திட்டமும் அதன் பிழையும்

அங்ஙனம் அறிந்திருந்தும், அவருடைய அரசு வகுத்த கல்வித் திட்டம் வேறொரு வழியிற் சென்றது. அத்திட்டத்தின்படி மாணவர் இரு பிரிவினர் ஆக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவினரும் நாள்தோறும் மூன்று மணி நேரமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய பொழுதில் ஆண்மக்கள் தந்தையின் தொழிலைப் பழகுதலும், பெண்மக்கள் தாய்க்கு வீட்டு வேலையில் உதவுதலும் எதிர்பார்க்கப்பெற்றன.

திட்டத்தின் சார்பாக வாதிட்டோர் கூறியன எல்லாம் புறக்கணிக்கத்தக்கன அல்ல. பள்ளிக்கு வாராத சிறுவர் எண்ணிலர். புதிய கட்டடங்களுக்கும் ஆசிரியர்க்கும் அரசிடம் பொருள் இல்லை. இருக்கும் பள்ளியை இரு வேளையும் பயன்படுத்தினால் இருமடங்கு மாணவர் பயிலலாம். வீட்டுத் தொழிலில் உதவ வேண்டிய வறுமையால் பள்ளியை விட்டு நின்ற சிறுவரும் வருதற்கு வழி உண்டாகும் என்றனர். இவ்வாதத்தின் முற்பகுதி கணக்கு. அதனை யாம் மறுக்கவில்லை. பிற்பகுதியோ ஆய்வுக்கு உரியது.

தந்தையின் தொழில் இன்னதென்பது இந்நாட்டில் பெரும்பாலும் சாதியால் அமைவது. ஆதலின் 'தந்தையின் தொழில்' என்னும் சொற்றொடர் பார்வைக்கு எளியதாயினும், கணியன் மகன் ஏட்டையும் குயவன் மகன் மண்ணையும் சலவையாளர் மகன் அழுக்கு மூட்டையையும் பள்ளி நேரத்திலேயே பெறுமாறு செய்வதாக முடிந்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் காங்கிரசுக் கட்சியினுள்ளேயே பலரும் இதனை எதிர்த்து எழுந்தனர். 1954-இல் இராசாசி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அரசு அவ்வாண்டு மே திங்களில் திட்டத்தைக் கைவிட்டது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் தகும். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே. ஆயினும் அங்குத் தொழிலைக் கற்பிப்பது பள்ளி. கற்பார் எக்குடியிற் பிறந்தாராயினும் ஒரே இராட்டினத்தின் முன் அமர்வர். சென்னைத் திட்டத்திலோ தொழிலைத் தேர்வது பிறப்பு, கற்பிப்பது வீடு. பார்ப்பனச் சிறுவனும் நூல் நூற்றல் வேண்டும் என்பது ஒருவகைச் சமன்மை. நெசவாளன் மகன் நெய்தலையே பழகுக என்பது அதற்கு மறுதலை. கைத்தொழிற் கல்வி என்னும் ஒரே பெயரால் இரண்டையும் வழங்குதல் சொல்லால் நேரும் மயக்கமாம்.

இனி, 'பஞ்சும் பசியும்' காட்டும் சான்றை இத்திட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். அம்பாசமுத்திரத்துச் சிறுவன் ஒருவன் மூன்று மணி நேரம் கற்று, எஞ்சிய பொழுதெல்லாம் தறியடியில் இருந்து தந்தையை விஞ்சிய நெசவாளன் ஆகின்றான் என்றே கொள்வோம். அவன் அடைவது யாது? தந்தையை வாட்டிய அதே நூல் விலையும், அதே கடனும், அதே தேங்கிய துணியுமே. திறம் மிகுந்தமையால் பசி குறையாது. நெய்வோர் தொகை பெருகியமையால் கூலி தாழ்தலும் கூடும். ஆகவே பிறப்பால் தொழிலைப் பகுத்தமை திட்டத்தின் முதற்பிழை எனின், வறுமையைத் திறக்குறையாகக் கருதியமை அதன் இரண்டாம் பிழை என்க. முதற்பிழையை எதிர்ப்பாளர் எடுத்துக் காட்டினர். இரண்டாம் பிழையைக் காட்டியது இப்புதினம்.

நூலின் எல்லை

நடுநிலை பிறழாது கூறின், நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. நெசவாளன் நெசவாளனாகவே இருந்து நல்வாழ்வு பெறுதல் எங்ஙனம் என்பதே அதன் முதன்மை வினா. நெசவாளன் மகனோ மகளோ தறியை விட்டு வேறொரு தொழிலை விரும்பினால் அதற்கு வழி யாது என்பதை அது முதன்மையாக எழுப்பவில்லை. குலக்கல்வியை எதிர்த்தாரோ இவ்வினாவையே உயிராகக் கொண்டனர். தறியிலேயே நின்றோர்க்குரிய விலையைப் பற்றி அப்போராட்டத்தில் மிகுதியும் பேசினாரல்லர். வெளியேறும் உரிமை ஒன்று; நிற்பார்க்கு உரிய ஊதியம் மற்றொன்று. இவ்விரண்டும் கூடியவழியே தொழிற்கொள்கை நிறைவுறும் என்பது எம் துணிபு.

அண்மைக்காலத் திட்டங்கள்

இவ்வளவுகோலால் அண்மைக் காலத்துத் திட்டங்கள் இரண்டனை நோக்குதல் பொருந்தும். மைய அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் 'பிரதமர் விசுவகர்மா' திட்டத்தைத் தொடங்கிற்று. பதினெட்டுக் கைத்தொழில்களுக்கு உரிய அத்திட்டத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவியோடு பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாயும், குறைந்த வட்டியில் இரு தவணையாக 3 இலட்சம் ரூபாய் வரை கடனும் வகுக்கப்பட்டன. பயிற்சி பெறும் நாளில் கூலி இழப்பை ஈடுசெய்தல் பாராட்டற்பாலது. 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அத்தகைய கருத்தே இல்லை. ஆயினும் தொழில் குடும்பவழி வந்ததாதல் வேண்டும் என்பதும், அகவை 18 நிரம்பினாற் போதும் என்பதும் பழைய ஐயத்தை மீண்டும் எழுப்பின. பதினெட்டு அகவை என்பது கல்லூரி வாயிலில் நிற்கும் அகவை அன்றோ? அவ்வாயிலில் நிற்பானுக்குக் கடனும் கருவியும் தந்தையின் தொழிலுக்கே கிடைக்கும் என்றால், அவன் கால் எத்திசையிற் செல்லும் என்பது வெளிப்படை.

தமிழ்நாட்டு அரசு இக்காரணங்களைக் காட்டி, 2024 நவம்பரில் அத்திட்டத்தை அவ்வடிவில் ஏற்க இயலாது என அறிவித்தது. 2025 ஏப்பிரலில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' எனத் தானே ஒன்றைத் தொடங்கிற்று. இருபத்தைந்து தொழில்களுக்கு உரிய இதில் குடும்பவழி என்னும் வரையறை நீக்கப்பட்டது. குறைந்த அகவை 35 ஆக்கப்பட்டது. முப்பத்தைந்து அகவையினர் தம் வழியைத் தாமே தேர்ந்து நிலைபெற்றவர் ஆதலின், கற்கும் இளையோரைக் கல்வியினின்றும் இழுக்கும் குற்றம் இதற்கு இல்லை. 1953-ஆம் ஆண்டின் பாடத்தை நன்கு கற்றதன் விளைவே இவ்வரையறை. எனினும் விரும்பிக் கைவினை பயில வரும் இருபத்தைந்து அகவைப் பெண்ணுக்கு, அவள் எக்குலத்தினளாயினும், இதில் இடமில்லை. பிறப்பின் தளையை அறுக்க இட்ட வேலி விருப்பத்தின் வாயிலையும் ஓரளவு அடைத்துவிட்டது.

இரண்டு திட்டங்களும் கடனையும் கருவியையும் பயிற்சியையும் முதன்மையாகப் பேசுகின்றன. செய்த பொருளின் விலை யார் கையில் என்னும் வினாவுக்கு இவை தரும் விடை மிகச் சுருங்கியது. 2019–20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்திய நாட்டில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருந்தனர். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு திங்களுக்கு 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருவாயே பெற்றன. புதினம் வெளிவந்து அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர் எடுத்த கணக்கு இது. கூட்டுறவுச் சங்கங்களும், கைத்தறிக்கெனச் சில வகைத் துணிகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் இடையில் வந்தன. அவையும் நெசவாளனை விலை உறுதி செய்வோன் ஆக்கினவல்ல.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொழிற்பயிற்சித் திட்டம் எதனையும் மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும் என்பது பெறப்படும். கற்பானைத் தேர்வது பிறப்போ விருப்பமோ? கற்கும் அகவை பிற வழிகளை அடைக்கின்றதோ? கற்ற பின் செய்பொருளின் விலையில் அவனுக்குச் சொல் உண்டோ? முதல் இரண்டும் அரசியல் மேடையில் எழுந்து ஓரளவு விடை பெற்றன. மூன்றாவது வினாவை அம்பாசமுத்திரத்துத் தறிக்குழியிலிருந்து ஒரு புதினம் எழுப்பிற்று. அது இன்றுவரை விடையின்றி நிற்கின்றது. இலக்கியச் சுவைக்காக மட்டுமே இந்நூலைக் கற்பார்க்கு அதன் குறைகள் சில தோன்றலாம். தொழிலையும் வறுமையையும் பற்றிக் கொள்கை வகுப்பார் ஒருமுறை இதனைக் கற்பாராயின், திறமிக்க கை ஏன் பசித்திருக்கின்றது என்னும் வினாவைத் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதுவர் என்பது எம் நம்பிக்கை.