ஏட்டில் ஏறாத முதல்

நிறுவனத்தின் செல்வம் நிலமும் பொறியும் மட்டுமன்று. அங்கு உழைப்போரின் அறிவும் செல்வமே. இதனை ஏற்றுச் சுவீடனின் ஸ்காண்டியா காப்புறுதி நிறுவனம், தன் 1994ஆம் ஆண்டறிக்கையோடு ‘அறிவு முதல்’ பற்றித் தனி இணைப்பு வெளியிட்டது. கருத்து நன்று, அதனை அளக்கும் கோல் நன்றோ என்பதே வினா.

பேராக்கின் தோட்டங்கள் இதற்குத் தக்க உரைகல். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளோடு தொடங்கியது அவற்றின் வரலாறு. பின்னாளில் விடியுமுன் மரத்தடியில் நின்றோர் பெரும்பாலும் தமிழர். பட்டையை மெல்லச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் கத்தியை நிறுத்துவது அவர்தம் திறன். ஆழ்ந்தால் மரம் புண்படும். மேற்போக்கானால் பால் குறையும். மரம் பல்லாண்டு பயன் தந்தது அக்கைகளின் பக்குவத்தால்.

கணக்கேட்டிலோ மரத்துக்கே இடமுண்டு. 2016 முதல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகத் திருத்தப்படி, ரப்பர் மரமும் செம்பனையும் பொறிகளைப் போலச் சொத்தாகப் பதியப்பெறும், தேய்மானமும் கணக்கிடப்பெறும். தொழிலாளியின் திறன் சொத்தாகாது. அது நிறுவனத்தின் ஆளுகைக்குள் போதிய அளவு இல்லை என்பது விதியின் வாதம். மனிதன் உடைமையல்லன் என்ற அளவில் அது சரியே. ஆயினும், சொத்தென எழுதலாகாதது சொல்லவுமாகாதது ஆகிவிடுமோ?

மாற்று வழியும் குறையுடையது. லெவ், சுவார்ட்ஸ் என்பார் 1971இல் வகுத்த முறை, ஒருவர் ஓய்வுபெறும்வரை ஈட்டவுள்ள ஊதியத்தின் இன்றைய பெறுமதியையே அவரது மதிப்பாகக் கொள்ளும். இந்தியாவின் பெல், இன்போசிஸ் நிறுவனங்கள் இம்முறையைத் தழுவின. இதன்படி கூலி குறைந்தால் அறிவும் குறைந்ததாகும். நாட்கூலி பெற்ற தோட்டத் தொழிலாளியின் திறன் கடுகளவாகத் தோன்றும். இக்கோல் அளப்பது அறிவையன்று. அறிவுக்குக் கொடுத்த கூலியை.

பயிற்சி மணிகளை எண்ணும் இன்றைய அறிக்கைகளும், தாயின் பின்னே சென்று மகள் கற்ற தொழிலை எண்ணுவதில்லை.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, அழிந்த மரங்களுக்கு ஏட்டில் ஒரு வரி இருந்தது. பிழைப்புத் தேடி ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தோருடன் அகன்ற திறனுக்கு வரியில்லை.

அதனை வெள்ளியில் மதிப்பிட வேண்டுவதில்லை. எவர் எத்தனை ஆண்டு உழைத்தனர், எவருக்குக் கற்பித்தனர், அவர் நீங்கியபின் விளைச்சல் என்னவாயிற்று என்று எழுதினாலே போதும். இவற்றை மறைக்கும் அறிக்கை, எண்கள் எத்துணை நிரம்பியிருப்பினும், அரைக்கணக்கே.