அரிச்சுவடியும் வாசிப்பும்

விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் அகரம் எழுதுவித்த பின்னர், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்களையும் வரிசை பிறழாது மனனஞ் செய்விப்பது நம்மவர் மரபு. பாடநூல்கள் மாறியுள்ள இன்றும் பல வீடுகளில் இம்மரபு நிலவுகின்றது. வரிசையை ஒப்புவிக்கும் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டதெனப் பெற்றோர் மகிழ்வர். இம்மகிழ்ச்சி பொருத்தமானதா என்பதே நம்முன் உள்ள வினா.

அரிச்சுவடியின் வரிசை இலக்கண ஆசிரியனின் வரிசையாகும். வல்லினத்தை அடுத்து அதன் இன மெல்லினம் நிற்கும் செம்மை மொழியறிந்தோர்க்குப் புலப்படும். பிள்ளைக்கோ அதனாற் பயனில்லை. மெய்வரிசையில் இரண்டாவதாகிய ஙகரம் தமிழ்ச் சொற்களிற் பெரும்பாலும் ‘ங்’ என்றே வரும். ‘ஙா’ முதல் ‘ஙௌ’ வரை உருப்போட்ட பிள்ளை அவற்றை வேறெங்கும் சந்திப்பது அரிது. மாறாக ப, ட, ம, ட், ம் என்னும் ஐந்தை மட்டும் அறிந்த பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் என்பவற்றைத் தானே வாசிக்கும். முன்னது ஞாபகசக்தியின் வெற்றி. பின்னதே வாசிப்பின் பிறப்பு. மேலும் கல், பகல், தங்கம் என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது. இவ்வேறுபாடு சொல்லினுள்ளேதான் விளங்கும்; தனியெழுத்துப் பாராயணத்தால் விளங்காது.

இது மரபை இகழ்தலாகாதோ எனச் சிலர் வினவலாம். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுள் மனனமே கல்வியாயிருந்த சூழலில், பிள்ளைகளுக்கெனப் படிமுறையான உரைநடைப் பாலபாடங்களை இயற்றினார். சந்தி பிரித்தும் குறியீடுகளிட்டும் வாசிப்பை எளிதாக்கினார். அப்பாடங்களிற் சமயமும் ஒழுக்கமும் மேலோங்க, பிள்ளையின் அன்றாட உலகு அருகியே காணப்படுவது உண்மையே. எனினும் கற்போன் நிலைநோக்கி மரபை மாற்றிய துணிவு அவருடையது. அத்துணிவைப் பின்பற்றுவதே அவரைப் போற்றும் முறையாகும்.

படித்த வீட்டுப் பிள்ளைக்கு இக்குறையை வீட்டாரே நிவர்த்தி செய்வர். தோட்டத்து லயத்திலும் மீனவர் குடிசையிலும் வளரும் பிள்ளைக்கோ வகுப்பறையன்றி வேறு கதியில்லை. அங்கும் பாராயணமே வாசிப்பென மயங்கப்படின், அப்பிள்ளை ‘மந்தம்’ என்னும் பெயருடன் பின்வாங்கில் அமரும். 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி திறந்த கதவை, முதலாம் வகுப்பிலேயே மூடுவதாக அது முடியும்.

அரிச்சுவடியை எறிந்துவிட வேண்டியதில்லை. அகராதியைப் புரட்டும் வயதில் அவ்வரிசை வேண்டும். அதன் இடம் தொடக்கமன்று என்பதே நமது வாதம். தான் பேசும் சொல்லை ஏட்டிற் கண்டு வியக்கும் கணத்திலிருந்தே பிள்ளையின் கல்வி தொடங்குதல் வேண்டும்.