வரியிறுதி இடைவெளியும் மின்னஞ்சலின் பாட நம்பகமும்

மின்னஞ்சல் வரியின் இறுதியில் நிற்கும் இடைவெளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் 1999 முதல் அதற்கு ஒரு பொருள் உண்டு. அவ்வாண்டில் வெளிவந்த ஆர்எஃப்சி 2646 என்னும் தரவரையறையும், அதற்கு மாற்றாக 2004இல் வந்த ஆர்எஃப்சி 3676உம் 'ஃபார்மட்=ஃப்ளோட்' என்ற முறையை வகுத்தன. இதன்படி இடைவெளியோடு முடியும் வரி அடுத்த வரியோடு இணைத்துப் படிக்கப்படும். இடைவெளியின்றி முடியும் வரி அங்கேயே நிற்கும்.

இவ்வரையறை தன் அடித்தளத்தைத் தேர்ந்த விதம் வியப்பளிக்கிறது. சில அஞ்சல் கடத்தி மென்பொருள்கள் வரியிறுதியில் இடைவெளிகளைச் சேர்க்கின்றன, சில நீக்குகின்றன என்று 1996இலேயே ஆர்எஃப்சி 2045 பதிவு செய்திருந்தது. அதனாலேயே 'கோட்டட் பிரிண்டபிள்' குறியாக்கத்தில் இறுதி இடைவெளியை =20 என எழுதவேண்டும் என்றும், குறியாக்கம் பெறாத இறுதி இடைவெளியைப் பெறுநர் மென்பொருள் களைந்துவிட வேண்டும் என்றும் விதித்தது. நிலையற்றது என்று அறியப்பட்ட ஒன்றின்மீதே மூன்றாண்டுகளில் பத்தியமைப்பு ஏற்றப்பட்டது.

இடைவெளி நீங்கினால் பெருங்கேடில்லை. பத்தி முன்போலவே முறிந்த வரிகளாகத் தோன்றும். பழைய மென்பொருளிலும் மடல் படிக்கத்தக்கதாக இருக்கும் என்பதே இம்முறைக்கான வலுவான நியாயம். இடைவெளி மிகுவதே ஆபத்தானது. வேறிடத்திலிருந்து படியெடுத்த வெண்பாவின் அடிதோறும் இறுதியில் இடைவெளி ஒட்டியிருக்குமாயின், நான்கடியும் ஓர் உரைநடை வரியாகக் கலந்துவிடும். செய்யுளை அடிபிரிக்காது எழுதிய சுவடிகளோடு பழகிய பதிப்பாசிரியர்க்கு இவ்விடர் புதிதன்று. பயனர் இட்ட வரிமுறிவுக்கு முன்னுள்ள இடைவெளியை அனுப்பும் மென்பொருள் நீக்கவேண்டும் என்று ஆர்எஃப்சி 3676 கூறுகிறது; ஆனால் அது கட்டாய விதியாக அன்றிப் பரிந்துரையாகவே நிற்கிறது.

கையொப்ப முறைகளை நோக்கும்போது குறை மேலும் ஆழமாகிறது. ஓபன்பிஜிபியின் வெளிப்படை உரைக் கையொப்பம் (ஆர்எஃப்சி 4880, 2007) வரியிறுதி இடைவெளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. டிகிம் முறையின் தளர்நிலை ஒழுங்காக்கமும் (ஆர்எஃப்சி 6376, 2011) அவ்வாறே. எனவே குறியாக்கமின்றிச் செல்லும் மடலில் அடியமைப்பு சிதைந்தாலும் கையொப்பம் செல்லுபடியாகும். சொற்களுக்குக் கிடைக்கும் சான்று அவற்றின் அடிப்பிரிப்புக்குக் கிடைப்பதில்லை.

தமிழ் மடல்களின் நிலை சற்றே வேறு. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. கோட்டட் பிரிண்டபிளில் அது 9 குறிகளாகப் பெருகும். 76 குறி வரம்புடைய வரியில் எட்டுக் குறியீடுகளே அடங்கும். இடம் குறைவாகக் கொள்ளும் பேஸ்64 குறியாக்கத்திலோ இறுதி இடைவெளியும் பிற எழுத்துகளோடு பொதிந்து செல்வதால் கடத்தும் வலையமைப்பு அதனைத் தீண்டாது. அங்கு அடி குலையுமாயின், பிழை அனுப்பிய மென்பொருளிலோ பெற்ற மென்பொருளிலோதான் தேடப்பட வேண்டும்.