பேச இடம் கொடுத்தவர்கள்
(ஒரு சான்று நூலும் ஒரு சிற்றூர் வானொலியும்)

ஒரு நூல் உலகோரால் எதற்காகப் புகழப்படுகிறதோ அதற்காக அன்றி, அதன் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு செய்திக்காக நாம் அதனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதுண்டு. பொலிவியா நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவியான தொமித்திலா பாரியோஸ் தெ சுங்காரா வாய்மொழியாகச் சொல்ல, பிரேசில் நாட்டுக் கல்வியாளர் மோயெமா வியெசர் தொகுத்து 1977ஆம் ஆண்டில் வெளியான சான்று நூல் நமக்கு அத்தகையது. 'நான் பேச நீங்கள் இடம் கொடுத்தால்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது மறு ஆண்டே 'லெட் மீ ஸ்பீக்' என்ற பெயரில் வந்தது. பெண்ணுரிமை பேசுவோரும் தொழிற்சங்கத்தாரும் அந்நூலைத் தத்தம் நோக்கில் போற்றியுள்ளனர். நாமோ அதனைச் சிற்றூர் வானொலி ஒன்றின் வரலாறாகப் படிக்க விரும்புகிறோம். அவ்வாறு படிக்கும்போது, திருச்சபையின் மக்களாகிய நம்மைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கும் நூலாகவும் அது மாறிவிடுகிறது.

பொலிவியாவின் பொதோசி மாநிலத்தின் வடபகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், யாயாகுவா என்னும் சிறு நகரமும், அதனை ஒட்டிச் 'சிக்லோ வெயின்தே', அதாவது 'இருபதாம் நூற்றாண்டு', என்று பெயர் பெற்ற வெள்ளீயச் சுரங்கமும் உள்ளன. குளிரும் வறுமையும் நுரையீரலை அரிக்கும் சுரங்கத் தூசும் அம்மக்களின் அன்றாட வாழ்வு. 1940களின் பிற்பகுதி தொடங்கி இத்தகைய சுரங்க ஊர்களில் தொழிலாளர் தாமே வானொலி நிலையங்களை அமைத்தனர். ஒரு காலத்தில் இவற்றின் எண்ணிக்கை இருபதுக்கும் மேற்பட்டிருந்தது. கல்வியறிவு குறைந்த அவ்வூர்களில் இறப்புச் செய்தியும், சங்கக் கூட்டத்தின் அழைப்பும், கடையில் அரிசி வந்துவிட்டதென்ற அறிவிப்பும், கெச்சுவா மொழிப் பாடலும் ஒரே ஒலிவாங்கியின் வழியே வீடுதோறும் சென்றன. இந்நிலையங்களை வாழவைத்தது அரசின் மானியமோ வணிகரின் விளம்பரமோ அன்று. தொழிலாளர் தம் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ள இசைந்தனர். அதுவே ஒலிபரப்பியின் பழுது நீக்கவும், அறிவிப்பாளரின் வயிறு நிரம்பவும் பயன்பட்டது. கைம்பெண்ணின் காசு என்று நாம் மறையுரையில் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் ஒன்றை அவர்கள் மாதந்தோறும் செய்து காட்டினர்.

இந்தச் சூழலில்தான் 1959ஆம் ஆண்டு அமலமரித் தியாகிகள் சபையின் கனடா நாட்டுக் குருக்கள் சிக்லோ வெயின்தேயில் 'பன்னிரண்டாம் பத்திநாதர் வானொலி'யைத் தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் கால்பதித்துத் தமிழ் மக்களிடையே உழைத்த அதே சபை என்பதால் நம் வாசகர்க்கு அவர்கள் அயலார் அல்லர். அவர்கள் நல்ல கருவிகளோடு வந்தனர். நல்ல எண்ணத்தோடும் வந்தனர். குடிப்பழக்கத்தை ஒழிக்க வேண்டும், பொதுவுடைமைக் கொள்கையின் பிடியிலிருந்து தொழிலாளரை மீட்க வேண்டும் என்பவை அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பணிகள். ஆனால் அம்மக்கள் அவ்வானொலியைத் தங்களுக்கு எதிரான குரலாகவே கேட்டனர். தொடக்கத்தில் அது தொழிலாளர்க்கு எதிராகவே பேசியது என்பதைத் தொமித்திலா ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். படிக்கும் கத்தோலிக்க நெஞ்சம் சுருங்கும் இடம் இது. மக்களின் பசியை விசாரிக்குமுன் அவர்களுடைய கொள்கையை விசாரித்த தவறு அங்கே நடந்தது. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமலே மருந்தைப் புகட்டிய கதை அது.

எனினும் தொமித்திலாவின் நேர்மை, மாற்றத்தையும் மறைக்கவில்லை. 1965இல் தளபதி பாரியெந்தோஸ் தலைமையிலான இராணுவ ஆட்சி தொழிலாளரின் கூலியைக் குறைத்து, சுரங்கங்களில் படையை இறக்கியது. கண்முன்னே நடந்ததைக் கண்ட குருக்கள் மனம் மாறத் தொடங்கினர். அந்த ஆண்டுகளில் நிலையத்தை நடத்திய அருள்தந்தை கிரெகோரியோ இரியார்த்தே இம்மாற்றத்தின் முதன்மையான முகம். 1967 ஜூன் 24 அன்று, புனித அருளப்பர் திருநாள் இரவில், நெருப்பு மூட்டிக் கொண்டாடி ஓய்ந்திருந்த ஊருக்குள் விடியுமுன் இராணுவம் புகுந்து சுட்டது. தொழிற்சங்கக் கட்டடத்தையும் அதிலிருந்த தொழிலாளர் வானொலியையும் அது கைப்பற்றியது. அதனைக் காக்க முயன்ற சங்கத் தலைவர் ரொசென்தோ கார்சியா மைஸ்மன் உயிரிழந்தார். மக்களுக்குப் போதிக்க வந்த வானொலி, அதன்பின் அம்மக்களின் அழுகையைச் சுமக்கும் வானொலியாயிற்று. 1975 ஜனவரியில் தளபதி பான்செரின் ஆட்சி சுரங்க வட்டாரத்து நிலையங்களைத் தாக்கி முடக்கியபோது, தொழிலாளர் நிலையங்களோடு குருக்களின் நிலையமும் தாக்கப்பட்டது. ஒரு காலத்தில் எதிரெதிராய் நின்றவை ஒரே அடியை வாங்கின. அந்த அடியே அவ்வானொலிக்கு மக்கள் அளித்த உறுதிப்பூசுதல் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை ஒட்டி நூலில் வரும் ஒரு செய்தி நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. வானொலிகளைப் பறித்த அரசு, தொலைக்காட்சிப் பெட்டிகளை எளிய தவணையில் தர முன்வந்தது. தொழிலாளரோ தங்கள் வானொலியைத் திருப்பித் தருமாறு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். படம் காட்டும் பெட்டியை வேண்டாமென்று, பழைய ஒலிபரப்பியைக் கேட்டவர்களைப் பேதையர் என்று கருதலாமா? அவர்கள் தெளிவாகவே இருந்தனர். தொலைக்காட்சி அவர்களுக்குக் கண்ணும் காதும் மட்டுமே தரும். வானொலி அவர்களுக்கு வாயையும் தந்திருந்தது.

இனி நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தொமித்திலா சொல்லும் உலகில் மனிதர்கள் தாம் நிற்கும் பக்கத்தால் அளக்கப்படுகின்றனர். வதைக்கப்பட்ட ஒருவரிடம் நடுநிலை வேண்டும் என்று நாம் கேட்பது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும், பக்கம் மாறிய குருக்களின் உள்ளத்தில் நடந்த போராட்டம் அவர் பார்வைக்கு எட்டவில்லை. முன்பு எதிராக இருந்தார்கள், பின்பு புரிந்துகொண்டார்கள் என்பதோடு அவர் சான்று நின்றுவிடுகிறது. புரிந்துகொள்வதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன, தம் சபையாரிடமும் தம்மிடமும் எவ்வளவு வாதாடியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவ்வாறே, ஒரு நிலையம் நாள்தோறும் எப்படி உயிர்வாழ்கிறது, தேய்ந்த கருவிக்கு மாற்று எங்கிருந்து வருகிறது, அறிவிப்பாளன் சம்பளமின்றி எத்தனை மாதம் தாங்குவான் என்ற கணக்குகளில் அவர் கவனம் செல்வதில்லை. வீரம் நூலில் நிறைய உண்டு. வரவு செலவு குறைவு. சிற்றூர் நிலையங்களைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கியைவிட வரவு செலவுதான் என்பதால் இக்குறை சிறியதன்று.

மொழிநடையைப் பொறுத்தவரை, பேசப்பட்டதைப் பேசப்பட்டபடியே விட்ட தொகுப்பாளரின் துணிவைப் பாராட்ட வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லுதல், நடுவே வேறொன்றை நினைத்துக்கொள்ளுதல், கேட்பவரை நோக்கிக் கேள்வி வீசுதல் ஆகிய எல்லாம் அப்படியே உள்ளன. வானொலியின் முன் நின்று ஊரோடு பேசிப் பழகிய ஒரு பெண்ணின் பேச்சு அது. இதே 1967ஆம் ஆண்டுப் படுகொலையை இயக்குநர் ஹோர்ஹே சன்ஹினேஸ் 1971இல் 'மக்களின் துணிவு' எனப் பொருள்படும் பெயரில் படமாக்கினார். உயிர்தப்பியவர்களே அதில் நடித்தனர், தொமித்திலாவும் தோன்றினார். படம் நம்மைக் கலங்க வைக்கிறது. நூலோ நம்மோடு வாதாடுகிறது. கலக்கம் சில நாளில் தணிந்துவிடும், வாதம் தணிவதில்லை.

நூல் முடிந்த இடத்திற்குப் பின் நடந்தவற்றையும் நாம் அறிவோம். 1980 ஜூலை 17 அன்று மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, தலைநகர் லாபாஸின் நிலையங்கள் வாயடைக்கப்பட்ட பின்னும் சுரங்க வானொலிகள் சங்கிலித்தொடராக இணைந்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று எடுத்துச் சொல்லும் முறையில் நாட்டுக்குச் செய்தி சொல்லின. படையைத் தாண்டி வாழ்ந்த அந்நிலையங்களில் பலவற்றைச் சந்தை வீழ்த்தியது. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. அரசுச் சுரங்கங்கள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கின. கூலி நின்றது, கூலியால் வாழ்ந்த வானொலியும் நின்றது. ஊர்கள் வெறிச்சோடின. பத்திநாதர் வானொலியோ பிழைத்தது. அதற்குப் பின்னே ஒரு துறவற சபை இருந்தது. எஞ்சியிருந்த கெச்சுவா உழவரை நோக்கி அது தன் குரலைத் திருப்பவும் அறிந்திருந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையை விழுங்க வேண்டியிருக்கிறது. மக்களே கட்டி, மக்களே காத்த நிலையங்களில் பல மறைந்தன. பிழையோடு தொடங்கி, வெளியுதவியால் நின்ற நிலையம் வாழ்ந்தது. அப்படியானால் பணமே வாழ்வு என்று முடிவு கட்டலாமா? கொலம்பியாவின் வரலாறு அதனை மறுக்கிறது. போயகா மாநிலத்துச் சுத்தாதென்சா என்னும் மலையூரில், 1947ஆம் ஆண்டு அருள்தந்தை ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்ற இளம் குரு சிறிய ஒலிபரப்பி ஒன்றுடன் உழவர்க்கு எழுத்தறிவு புகட்டத் தொடங்கினார். அது நாடு தழுவிய வானொலிப் பள்ளியாக வளர்ந்தது. பாட நூல்களும், 1958 முதல் உழவர்க்கென ஒரு செய்தித்தாளும் வெளிவந்தன. உழவர் எழுதிய கடிதங்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன, பதிலும் எழுதப்பட்டது. இத்துணைப் பெரிய பணியை நாம் குறைத்துப் பேசத் துணியோம். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் வீடுகளுக்கு அளிக்கப்பட்ட பெட்டிகள் அந்த ஒரு நிலையத்தை மட்டுமே கேட்குமாறு அமைக்கப்பட்டிருந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உழவர் கேட்டார், எழுதினார், ஆனால் நிலையம் அவருடையதாகவில்லை. உதவிகள் குறைந்து கடன் பெருகியபோது, 1989இல் அதன் அலைவரிசைகள் வணிக நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. அந்தக் கடிதங்கள் இன்று தலைநகர் பொகோத்தாவின் நூலகம் ஒன்றில் ஆய்வாளருக்காகக் காத்திருக்கின்றன.

ஆகவே, பணம் மட்டும் உள்ள வானொலி விற்கப்படும்; மக்கள் மட்டும் உள்ள வானொலி அவர்களோடு புலம்பெயரும். இரண்டும் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொண்ட இடத்தில்தான் சிற்றூரின் குரல் நிலைக்கிறது. பத்திநாதர் வானொலியின் வாழ்வுக்கு அதன் பணத்தைவிட அதன் மனமாற்றமே அடிப்படை என்பது நம் துணிபு. பணம் அதனைத் தாங்கிற்று என்பது மெய்யே. ஆனால் 1959ஆம் ஆண்டின் மனத்தோடே அது இருந்திருந்தால், அதைத் தாங்கவேண்டும் என்று யார் விரும்பியிருப்பார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஏடு, அச்சாதனங்களைப் பயன்படுத்தும் திருச்சபையின் உரிமையை வலியுறுத்திற்று. 1971இல் வந்த 'ஒன்றிப்பும் முன்னேற்றமும்' என்னும் ஏடு உரையாடலையும் பொதுமக்கள் கருத்தையும் முன்னிறுத்திற்று. இவ்விரண்டு ஏடுகளுக்கும் இடையில் உள்ள எட்டாண்டு வழியைச் சிக்லோ வெயின்தேயின் குருக்கள் இரத்தத்தின் நடுவே நடந்து கடந்தார்கள். நம்பிக்கை கேள்வியினால் வருகிறது என்று குருமடத்தில் நாம் படித்தோம். மக்கள் கேட்க, நாம் பேச வேண்டும் என்றே அதற்குப் பொருள் கொண்டோம். முதலில் கேட்க வேண்டியவர் நாமாக இருக்கலாம் என்பதை எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால், நாம் அன்று கேட்கவில்லை.

நம் பங்குகளின் கோபுரங்களில் கூம்பு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. விடியற்காலையில் அவை வழியே நாம் பாடுகிறோம். திருப்பலி நேரத்தையும் வரித்தொகையின் நிலுவையையும் அறிவிக்கிறோம். அந்த ஒலிவாங்கியை ஒரு மீனவத் தாயின் கையிலோ, பீடி சுற்றும் ஒரு பெண்ணின் கையிலோ கொடுத்து, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இதனை எழுதும்போது பிறரைக் குறை சொல்லவில்லை. முப்பதாண்டுக் குருத்துவ வாழ்வில் நாம் செய்யத் தவறியதையே சொல்கிறோம்.

தொமித்திலா 2012 மார்ச் மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். 1977ஆம் ஆண்டின் இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில், சுரங்கத் தொழிலாளரின் மனைவியர் நால்வர் தம் பிள்ளைகளோடு லாபாஸ் பேராயர் இல்லத்தில் தொடங்கிய உண்ணாநோன்பில் அவரும் சேர்ந்துகொண்டார். நாடெங்கும் பரவிய அந்நோன்பு ஓர் இராணுவ ஆட்சியையே அசைத்தது. பேராயர் இல்லத்தின் கதவு அன்று அவர்களுக்குத் திறந்திருந்தது. தம் நூலுக்கு அவர் வைத்த தலைப்பு ஒரு நிபந்தனையாகவே நிற்கிறது: இடம் கொடுத்தால் பேசுவேன். அதற்கு விடை சொல்லவேண்டியவர் நூலுக்கு வெளியே இருக்கிறார். அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் ஒலிவாங்கி யார் கையில் இருக்கும் என்பதிலிருந்து நம் பங்கின் விடையைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறோம்.