சுவடும் துணிபும்

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் மாசி, பங்குனி மாதங்களில் புளி உடைக்காத வீடு அரிது. அத்தகைய பருவமொன்றில் என் மாணவன் ஒருவன் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தமிழில் படித்து முடித்தான். மறுவாரமே மத்ரஸா அலமாரியிலிருந்த கிதாபு ஒன்று காணாமற் போயிற்று. அலமாரியின் விளிம்பில் புளிக்கறை இருந்ததை அவன் கண்டான். உடன் பயில்வோருள் ஒருவனுடைய தந்தை புளி வணிகர். “எடுத்தவன் இவனே” என எல்லாரும் கேட்கக் கூறிவிட்டான். பழி சுமந்த பிள்ளை அன்று பகலுணவு கொள்ளவில்லை. மாலையில் கிதாபு என் வீட்டிலேயே கிடைத்தது. முன்னிரவில் எடுத்துச் சென்று மறந்தவன் நான். கறையும் என் விரற்கறையே.

இத்தவற்றுக்கு அம்மாணவனை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. அவன் கற்ற கதைகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதற்கதையில், ஹோம்ஸ் தம் நண்பர் வாட்ஸனைக் கண்டவுடன், அவர் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர் என்கிறார். மருத்துவர் தோற்றம், படைவீரர் மிடுக்கு, வெயிலிற் கறுத்த முகம், காயம்பட்ட இடக்கை ஆகியவையே சான்றுகள். படிப்பவர் வியக்கிறார். ஆனால் 1879இல் தென்னாப்பிரிக்காவிலும் ஆங்கிலப்படை ஜூலு மக்களோடு போரிட்டது. அங்கும் வெயில் உண்டு, காயமும் உண்டு. மன்திக் என்னும் அளவை நூலைப் பயின்றோர், ஐயத்துக்கிடமில்லாத அறிவை யகீன் என்றும், ஒரு பக்கம் மேலோங்கிய எண்ணத்தை ழன்னு என்றும் பிரிப்பர். ஹோம்ஸ் கூறியது ழன்னு. கதை அதனை யகீனாக வேடம் புனைவித்துக் காட்டுகிறது.

டாயிலுக்கு முன்மாதிரியாக அமைந்தவர் அவருடைய எடின்பரோ மருத்துவ ஆசிரியர் ஜோசப் பெல். நோயாளியின் கோலத்தைக் கண்டு தொழிலை உரைத்த அம்மருத்துவர், அவன் வாய்மொழியாலேயே தம் ஊகத்தைச் சரிபார்க்க இயலும். கதாசிரியரோ விடையை முதலில் அமைத்துச் சுவடுகளைப் பின்னர் இடுகிறார். அவர் வெட்டிய வழி ஒன்றே ஆதலின், படிப்பவருக்கு வேறு வழி தோன்றுவதில்லை.

சுவடு படிக்கும் கலை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீயின் வரலாற்று நூலில் நிஸாரின் மைந்தர் நால்வர் கதை உண்டு. மேய்ந்த புல்லையும் கிடந்த சாணத்தையும் கண்டு, காணாத ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை, வாலில்லை என அவர்கள் உரைத்தனர். தமிழில் இதற்கு இணையானது அலகேச கதை. செரந்தீபு எனப்பட்ட இலங்கையின் இளவரசர் மூவர் கதையாக இது 1557இல் வெனிஸில் அச்சேறிற்று. வால்தேர் 1747இல் எழுதிய ‘ஸதீக்’ நூலில் குதிரையும் நாயுமாக உருமாறிற்று. அலகேச கதையை ஆங்கிலமாக்கிய பண்டித நடேச சாஸ்திரியாரே 1894இல் ‘தானவன்’ என்னும் துப்பறியும் நூலைத் தமிழுக்குத் தந்தவர். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார் மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளைத் தழுவி ஆனந்தசிங்கை உலவவிட்டார்.

தபரீ தரும் கதையில் ஊகங்கள் இரண்டு உள்ளமையைக் காண்க. நால்வர் ஊகம் ஒன்று. “இவ்வளவு அறிந்தவர்கள் திருடராகவே இருத்தல் வேண்டும்” என்ற ஒட்டக உடைமையாளரின் ஊகம் மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் அறிவுடையனவே. நஜ்ரானில் வாழ்ந்த நடுவர் அஃப்ஆ, நால்வரையும் காரணம் கேட்டபின்னரே விடுவித்தார். அவர் கேளாதிருந்தால் அறிவே அவர்களுக்குக் குற்றமாகியிருக்கும்.

இதனினும் தெளிந்த பாடம் திருமறையின் யூசுப் அத்தியாயத்தில் உளது. நபி யூசுப் (அலை) அவர்கள் மீது அஸீஸின் மனைவி பழி சுமத்தியபோது, அவள் குடும்பத்துச் சான்றாளர் சட்டையைச் சான்றாக்கினார். முன்புறம் கிழிந்திருந்தால் அவள் கூற்று மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் கூற்று மெய் என்று இரு பக்கங்களையும் முதலில் வகுத்துரைத்தார். அதன் பின்னரே சட்டை நோக்கப்பட்டது. தன் ஊகம் எதனால் பொய்க்கும் என்பதை முன்னரே உரைப்பவன் சுவட்டைத் தன் விருப்பத்துக்கு வளைக்க இயலாது. ஹோம்ஸ் கதைகள் பெரிதும் மறைத்துவிடும் படி இதுவே.

எனினும் டாயிலுக்கு நாம் நன்றி கூறவும் வேண்டும். 1893இல் வெளிவந்த ‘மஞ்சள் முகம்’ கதையில், கணவனுக்குத் தெரியாமல் அண்டை வீட்டுக்குச் செல்லும் பெண்ணொருத்தியை, அவளுடைய முதற்கணவன் உயிரோடிருந்து மிரட்டுகிறான் என ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். அங்கிருந்ததோ, மறைந்த கணவன் வழியே அவள் பெற்ற சிறுமி. ஹோம்ஸ் நாணுகிறார், தாம் செருக்குறும்போதெல்லாம் அவ்வூர்ப் பெயரைச் செவியில் ஓதுமாறு நண்பரை வேண்டுகிறார்.

துப்பறியும் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கும் பெற்றோர் உளர். பறித்தல் வேண்டா, கூர்ந்து நோக்கும் கண் நல்லதே. ஆனால் முதற்பாடமாக இக்கதையைக் கொடுங்கள். என் மாணவனுக்கு இதனை நானே படித்துக் காட்டினேன். இறுதிவரை கேட்டவன், ஏதும் பேசாமல் எழுந்து, புளி வணிகர் வீட்டை நோக்கி நடந்தான். உடன் நானும் நடந்தேன். கிதாபை எடுத்து மறந்தவன் நானல்லவா?